கைக்காசு போட்டவர்களின் ராலி

1925 மார்ச் மாதக் கடைசியில், லண்டனுக்கு வடமேற்கே பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள கோப் ஹில் குன்றில் கார் மலையேற்றப் போட்டி நடந்தது. பொதுச் சாலைதான் களம். கார்கள் ஒவ்வொன்றாகச் சீறி மேலேற, ஓரத்து மண்மேட்டில் மக்கள் நின்று பார்த்தார்கள். ஒரு புகாட்டி கட்டுப்பாட்டை இழந்து மேட்டில் ஏறியதில், பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் கால் முறிந்தது. போட்டி அங்கேயே நின்றது. பொதுச் சாலையில் இனி எந்த வேகப் போட்டிக்கும் அனுமதி தருவதில்லை என்று ராயல் ஆட்டோமொபைல் கிளப் (ஆர்.ஏ.சி.) சில நாட்களில் முடிவெடுத்தது.

முறிந்த அந்த ஒரு காலின் பின்விளைவு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்தது. வட அயர்லாந்திலும் மான் தீவிலும் பந்தயத்துக்குச் சாலையை மூடத் தனிச் சட்டங்கள் இருந்தன. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் அப்படி இல்லை. ஒரு சாலையை மூட நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. வேகம்தான் வேண்டும் என்றவர்கள் புரூக்லண்ட்ஸ் போன்ற தனிப் பந்தயத் தடங்களுக்குப் போனார்கள். சாலையை விட மனம் வராத சாதாரணக் கார்ப் பிரியர்கள் வேறு வழி தேடினார்கள். பிரிட்டிஷ் ராலி அந்தத் தேடலில் உருவானது.

தேடலுக்கு ஒரு முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. 1900 ஏப்ரலில் 65 வண்டிகள் லண்டனிலிருந்து எடின்பரோ வரை போய்த் திரும்பும் ஆயிரம் மைல் சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பின. அன்றைய இங்கிலாந்தில் சட்டம் அனுமதித்த வேகம் மணிக்கு 12 மைல்தான். யார் முந்தினார் என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. வண்டி பழுதாகாமல் வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி. 1932-இல் முதல் ஆர்.ஏ.சி. ராலி நடந்தபோதும் அதே மனநிலைதான் இருந்தது. ஒன்பது ஊர்களிலிருந்து புறப்பட்ட 341 பேர் சுமார் ஆயிரம் மைல் ஓட்டி, டார்கீ கடற்கரை நகரில் கூடினார்கள். அங்கே வைத்த தேர்வுகளில் ஒன்று, நூறு கெஜ தூரத்தை டாப் கியரிலேயே, எஞ்சின் நின்றுவிடாமல், எவ்வளவு மெதுவாகக் கடக்க முடியும் என்பது. மிகக் குறைந்த தண்டப் புள்ளிகள் பெற்றவர் லான்செஸ்டர் கார் ஓட்டிய ஒரு கர்னல். அதிகாரபூர்வ வெற்றியாளர் என்று யாரையும் அறிவிக்கவே இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆட்டம் இரவுக்கு மாறியது. ஊருக்கு ஊர் மோட்டார் கிளப்புகள் முளைத்தன. மாதம் ஒருமுறை ஏதாவது மதுக்கடையின் பின்னறையில் கூடுவார்கள், சந்தா கட்டுவார்கள், சனிக்கிழமை ராத்திரி ராலிக்குத் திட்டம் போடுவார்கள். இருக்கிற கார் ஒன்றுதான். வார நாளில் அதிலேதான் வேலைக்குப் போக வேண்டும். ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் மடியில் ஆர்டினன்ஸ் சர்வே வரைபடத்தை விரித்து, சின்ன விளக்கொளியில் வழி சொல்லுவார். சந்துபொந்துச் சாலைகளில் குறித்த நிமிடத்துக்குக் குறித்த இடத்தில் இருக்க வேண்டும். சராசரி வேகம் மணிக்கு 30 மைலைத் தாண்டக் கூடாது. வளைந்து நெளியும் கிராமத்துச் சாலையில், இருட்டில், அதைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

அப்படிப் போய்ச் சேரும் இடத்தில் ஒருவர் காத்திருக்க வேண்டுமே! மழையிலும் பனியிலும் சாலை முனையில் காரை நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்து, டைம் கார்டில் நிமிடத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் அதே கிளப்பின் மற்ற உறுப்பினர்கள். இவர்களுக்குத்தான் மார்ஷல் என்று பெயர். இந்த வாரம் ஓட்டுகிறவர் அடுத்த வாரம் மார்ஷலாக நிற்பார். ராலிக்குச் சில வாரங்கள் முன்பு பாதையோர வீடுகளுக்கெல்லாம் நேரில் போய், இன்ன இரவில் கார்கள் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வருவதும் அவர்கள் வேலையே. சாலை ராலிகளுக்கு 1960-களில் வந்த அரசு விதிமுறைகள் முன் அனுமதியைக் கட்டாயமாக்கின. ஆனால் பன்னிரண்டு கார்களுக்கு மேல் போகாத ஓட்டங்களுக்கு விலக்கு உண்டு. சின்னக் கிளப்புகள் அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு கார் ராலி என்றே ஒரு வகையை வளர்த்தெடுத்தன. புதிதாக வருகிறவருக்கு அதுவே பள்ளிக்கூடம்.

இதற்கிடையே பெரிய ராலி ஒரு முட்டுச்சந்தில் நின்றது. 1959 ஆர்.ஏ.சி. ராலியில் ஸ்காட்லாந்து மலைப்பாதையைப் பனி மூடிவிட, பிரேமார் என்ற இடத்துக்குப் பலரால் போய்ச்சேர முடியவில்லை. யார் எந்தச் சோதனைச் சாவடியைத் தவறவிட்டார், அது கணக்கில் வருமா வராதா என்று புகாரும் மறுப்புமாக முடிவு இழுபறியானது. ஓட்டுகிற திறமையைச் சுத்தமாக அளக்க ஒரு இடம் வேண்டும். பொதுச் சாலையோ கிடைக்காது. அமைப்பாளர் ஜாக் கெம்ஸ்லியின் கண் காடுகள் மீது விழுந்தது.

அந்தக் காடுகள் தாமாக வளர்ந்தவை அல்ல. முதல் உலகப் போரில் பிரிட்டன் மரத்துக்குத் தவித்ததால் 1919-இல் வனவியல் ஆணையம் அமைக்கப்பட்டது. மொட்டை மலைகளில் ஊசியிலை மரங்களை அது வரிசை வரிசையாக நட்டது. நாற்பது ஆண்டுகளில் அவை வெட்டும் பருவத்துக்கு வர, மரலாரிகளுக்காக ஆயிரக்கணக்கான மைல் சரளைச் சாலைகள் போடப்பட்டன. அவை பொதுச் சாலைகள் இல்லை என்பதால் வேக வரம்பும் இல்லை, போலீஸ் அனுமதியும் வேண்டாம். 1960-இல் ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதியில், மான்யுமென்ட் ஹில் அருகே இரண்டு மைல் காட்டுப் பாதையைக் கெம்ஸ்லி ராலியில் சேர்த்தார். அந்த ஆண்டு சாப் காரில் வென்ற ஸ்வீடன்காரர் எரிக் கார்ல்சன் 1961, 1962 ஆண்டுகளிலும் வென்றார். 1961 முதல் காட்டுப் பாதைகளே ராலியின் உயிராகின. வேல்ஸின் டவி, ஹாவ்ரென், இங்கிலாந்தின் கிரைஸ்டேல், எல்லையோரக் கீல்டர் என்று காடுகளின் பெயர்களை ராலிப் பிரியர்கள் மந்திரம்போல் மனப்பாடமாக்கினார்கள்.

காட்டுக்குள் போனதும் ஆள் தேவை பல மடங்கானது. ஸ்டேஜ் என்பது மூடிய ஒரு துண்டுச் சாலை. தொடக்கத்தில் ஒரு கடிகாரம், முடிவில் ஒரு கடிகாரம். சொல்ல எளிது. பத்து மைல் காட்டுப் பாதையில் எத்தனை கிளைப் பாதைகள் பிரியும்! ஒவ்வொன்றிலும் நாடா கட்ட வேண்டும், ஆள் நிறுத்த வேண்டும். திருப்பங்களில் அம்புக்குறிப் பலகை நட வேண்டும். தொடக்கக் கோட்டில் ஒருவர் விரல்விட்டு ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ண வேண்டும். ரேடியோவோடு இடையிடையே ஆட்கள், டாக்டர், மீட்பு வண்டி, கடைசிக் கார் போனபின் காட்டைத் துழாவி வரும் குழு என்று பட்டியல் நீளும். நிமிடத்துக்கு ஒரு கார் என்று அனுப்பினாலும் 150 கார்கள் கடக்க இரண்டரை மணி நேரம். அதற்குப் பல மணி நேரம் முன்பே மார்ஷல் தன் இடத்தில் நின்றாக வேண்டும். ஆர்.ஏ.சி. ராலி நடந்தது நவம்பரில். கீல்டர் காட்டில் நவம்பர் இரவு எப்படி இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், கூலி வாங்காமல் அங்கே நின்றவர்கள் மீது மரியாதை தானாக வரும். பல ஊர்க் கிளப்புகள் ஆளுக்கொரு ஸ்டேஜை ஏற்று நடத்தின. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் நாடு முழுக்க உள்ள கிளப்புகள் கூடி இழுத்த தேர் அது.

இந்த ராலிக்கு இன்னொரு தனிக்குணம் உண்டு. மற்ற நாடுகளில் ஓட்டுநர்கள் முன்கூட்டியே பாதையில் போய், எந்த வளைவு எத்தனை கூர்மை என்று குறிப்பெழுதி வைத்துக்கொள்வார்கள். பிரிட்டிஷ் காடுகளில் ஒத்திகைக்கு அனுமதி இருக்கவில்லை. 1990 வரை ஆர்.ஏ.சி. ராலியில் குறிப்பு கிடையாது. அடுத்த மேட்டுக்கு அப்பால் பாதை இடப்பக்கம் திரும்புமா வலப்பக்கமா என்பது உலகச் சாம்பியனுக்கும் தெரியாது, பின்னால் நூறாவது எண்ணில் வரும் ஊர் மெக்கானிக்குக்கும் தெரியாது. சொந்தக் காசில் ஓட்டுகிறவரும் கம்பெனி டிரைவரும் ஒரே பாதையை ஒரே அறியாமையோடு சந்தித்தார்கள் என்பதே அந்த ராலியின் பெருமை.

1968-இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு எஸ்கார்ட் கைக்காசுக்காரருக்கும் கம்பெனி டிரைவருக்கும் இருந்த இடைவெளியை இன்னும் குறைத்தது. பின்சக்கரம் தள்ளும், கட்டமைப்பு எளியது, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். 1972 முதல் 1979 வரை எட்டு ஆண்டுகளும் ஆர்.ஏ.சி. ராலியை வென்றது எஸ்கார்ட்தான். அதே மாடலைப் பழசாக வாங்கி, வீட்டுக் கொட்டகையில் வெல்டிங் வைத்து, வார இறுதி ராலிக்குத் தயார்செய்தவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். 1972-இல் வென்ற ரோஜர் கிளார்க், லெஸ்டர்ஷயரில் கராஜ் நடத்திய குடும்பத்தில் பிறந்து கிளப் போட்டிகளில் வளர்ந்தவர். 1959-க்குப் பின் அந்த ராலியை வென்ற முதல் பிரிட்டிஷ் ஓட்டுநர் அவர்தான். 1979-இல் ஃபோர்டு பெண் ஓட்டுநர்களைத் தேடி நடத்திய போட்டியில் தேர்வானவர் ஸ்காட்லாந்தின் டன்ஸ் பகுதிப் பெண் லூயிஸ் எய்ட்கென்-வாக்கர். 1990-இல் பெண்களுக்கான உலக ராலிக் கோப்பை அவர் கைக்கு வந்தது. 1995-இல் உலகச் சாம்பியனான காலின் மெக்ரேயும் ஸ்காட்லாந்து உள்ளூர் ராலிகளில் தேர்ந்து வந்தவரே.

உலகச் சாம்பியன்ஷிப்பில் சேராத ராலி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய மல் தீவில் சுமார் மூவாயிரம் பேர் வாழ்கிறார்கள். சாலைகள் பெரும்பாலும் ஒரே கார் போகும் அகலம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல் அல்லது ஏரி. 1969-இல் லங்காஷயரின் பிளாக்பர்னைச் சேர்ந்த 2300 கிளப் அங்கே ராலியைத் தொடங்கியது. 1990-இல் தனிச் சட்டத்தின் துணையோடு தீவின் பொதுச் சாலைகளே மூடப்பட்டு ஸ்டேஜ்கள் ஆகின. அக்டோபரில் சீசன் முடியும் வேளையில் டோபர்மோரி ஊரின் விடுதிகள் நிரம்ப இந்த ராலி காரணமானது. தீவுக்காரரான நீல் மெக்கினன் பலமுறை வென்றார். தம் வீட்டுச் சாலையைத் தம்மைவிட நன்றாக அறிந்தவர் யார் என்ற தைரியம் அவருக்கு.

பெரியதோ சிறியதோ, எந்த ஸ்டேஜ் ராலியிலும் எல்லோர் காரிலும் இரண்டு பெரிய குறிகள் இருக்கும்: பச்சையில் 'ஓகே', சிவப்பில் 'எஸ்.ஓ.எஸ்.'. கார் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்து, காயம் இல்லையென்றால் பச்சையைக் காட்டுவார்கள். சிவப்பு தெரிந்தால் பின்னால் வருகிறவர் கட்டாயம் நிற்க வேண்டும். வெற்றி கைநழுவினாலும் நிற்க வேண்டும். இது எழுதப்பட்ட விதி.

ஆனால் விதிகள் ஓட்டுநர்களை நினைத்து வளர்ந்த அளவுக்குப் பார்வையாளர்களை நினைத்து வளரவில்லை. 2013-இல் ஸ்காட்லாந்தின் ஸ்னோமேன் ராலியில் பார்வையாளர் ஒருவர் இறந்தார். 2014 மே 31 அன்று ஜிம் கிளார்க் ராலியில், கோல்ட்ஸ்ட்ரீம் அருகே கார் ஒன்று பாதை விலகியதில் மூன்று பேர் மாண்டார்கள். ஸ்காட்லாந்து அரசு பாதுகாப்பு மறுஆய்வுக்கு உத்தரவிட்டது. 2017-இல் வெளியான நீதி விசாரணை முடிவு, பார்வையாளர்களைக் காக்கும் ஏற்பாடுகளில் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டியது. ஆர்வத்தோடு வந்து நிற்பது மட்டும் போதாது, மார்ஷலுக்குப் பயிற்சியும் அதிகாரமும் வேண்டும் என்பது அந்த நான்கு உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம். பயிற்சி முறைகள் இறுகின. மல் தீவிலோ சட்ட, காப்பீட்டுச் சிக்கலால் 2017, 2018 ஆண்டுகளில் ராலி நடக்கவில்லை. 2019-இல்தான் மீண்டும் கார்கள் ஓடின.

விந்தை என்னவென்றால், அதே 2017-இல் இங்கிலாந்தில் கதவு திறந்தது. நாடாளுமன்றத்தை ஒவ்வொரு முறையும் நாடாமல், உள்ளூர் நிர்வாகத்தின் ஒப்புதலோடு சாலையை மூடிப் போட்டி நடத்தலாம் என்ற சட்டப் பிரிவு அந்த ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதை முதலில் பயன்படுத்தியது எந்தக் கார்க் கம்பெனியும் இல்லை. செம்ஸ்ஃபோர்டு மோட்டார் கிளப் என்ற எஸெக்ஸ் கிளப் 2018 ஏப்ரலில் கிளாக்டன் கடற்கரை ஊரைச் சுற்றிய கிராமத்துச் சாலைகளில் ராலி நடத்தியது. கோப் ஹில்லில் 1925-இல் தொடங்கிய தடை 93 ஆண்டுகள் கழித்து, சந்தா கட்டும் உறுப்பினர்களின் உழைப்பால் இங்கிலாந்தில் உடைந்தது.

உலக ராலிச் சாம்பியன்ஷிப் பிரிட்டனில் கடைசியாக வேல்ஸில் நடந்தது 2019-இல். அடுத்த ஆண்டு கொரோனா காலத்தில் ரத்தானது. பிறகும் பணப் பற்றாக்குறையால் பல ஆண்டுகள் திரும்பவில்லை. ஆனால் ரோஜர் கிளார்க் நினைவாக 2004-இல் தொடங்கிய பழைய கார்களுக்கான ராலி இன்றும் உண்டு. நாள் கணக்கில், அதே காடுகளில் அது நடந்துவருகிறது. அங்கே திரளும் கார்களில் பெரும்பாலானவை இன்றும் எஸ்கார்ட்தான்.