லண்டன் வீடுகளுக்கு வந்த 'கண்டென்சிங் பாய்லர்'... காஞ்சிபுரம் சாயப்பட்டறை அடுப்புக்கு ஒத்துவருமா?

காஞ்சிபுரம் பட்டு என்றால் தறி, ஜரிகை, கோர்வை எல்லாம் பேச்சில் வரும். அடுப்பு வராது. ஆனால் தறியில் ஏறும் பட்டு நூல் அதற்கு முன்பே குறைந்தது இரண்டு தடவை சுடுதண்ணீரைப் பார்த்துவிடுகிறது. முதலில் கச்சா பட்டின் பசையை எடுக்க, பிறகு சாயம் ஏற்ற. சிறிய சாயப்பட்டறைகள் பலவற்றில் இந்தத் தண்ணீர் இன்னும் விறகு அடுப்பில்தான் காய்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது ஒரு கேள்வியையும் கொண்டு வருகிறார்கள். "எங்க வீட்டுல பழைய பாய்லரை எடுத்துட்டு கண்டென்சிங் பாய்லர் வச்சோம், கேஸ் பில் குறைஞ்சுது. நம்ம பட்டறைல ஏன் வைக்கக் கூடாது?" நியாயமான கேள்விதான். ஆனால் பதில் ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடியாது.

அது என்ன கண்டென்சிங் பாய்லர்?

இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டால் எப்படிச் சுடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆவி மறுபடி தண்ணீராக மாறும்போது தன்னிடம் ஒளித்து வைத்திருந்த வெப்பத்தை மொத்தமாகக் கையில் இறக்கிவிடுகிறது. அதுதான் காரணம்.

கேஸ் எரியும்போதும் நீராவி உண்டாகிறது. பழைய பாய்லர்கள் இந்த நீராவியைச் சூடான புகையோடு சேர்த்து அப்படியே புகைபோக்கி வழியாக வெளியே அனுப்பிவிடும். கண்டென்சிங் பாய்லரில் வெப்பம் மாற்றும் பகுதி பெரியது. புகை வெளியேறும் முன், உள்ளே வரும் குளிர்ந்த தண்ணீர் அதன் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். புகை சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அதிலுள்ள நீராவி துளித்துளியாக நீராகி, மிச்ச வெப்பத்தையும் கொடுத்துவிடும்.

நெதர்லாந்தில் 1980-களின் தொடக்கத்திலேயே இது வீடுகளுக்கு வந்துவிட்டது. இங்கிலாந்து, வேல்ஸில் 2005 ஏப்ரல் முதல், புதிதாகப் பொருத்தும் கேஸ் பாய்லர் பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பெயர் பழகிப்போனது இப்படித்தான்.

விளம்பரங்களில் '108 சதவீதத் திறன்' என்று போடுவார்கள். மாயம் எதுவும் இல்லை. நீராவியில் ஒளிந்திருக்கும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காமல் எரிபொருளை அளந்துவிட்டு, பிறகு அதையும் பிடித்துவிட்டால் நூறைத் தாண்டத்தானே செய்யும்!

காஞ்சிபுரத்தில் இதற்கு என்ன வேலை?

வீட்டைச் சூடாக்க ஒரு வேலையும் இல்லை. ஜனவரி விடியற்காலையிலும் இந்த ஊரில் ஹீட்டர் போடும் குளிர் கிடையாது. குளிக்கும் தண்ணீருக்கு கீசரோ, சோலார் ஹீட்டரோ போதும். இந்த ஊரில் மணிக்கணக்காகத் தண்ணீர் காய்வது சாயத் தொட்டியில்தான். பல குடும்பங்களுக்கு வீடும் பட்டறையும் ஒரே கூரைக்குக் கீழே என்பதால், அடுப்புப் புகை அந்த வீட்டுப் புகையும்கூட.

பசை எடுக்கும்போது பட்டை சோப்பு, சோடா கலந்த தண்ணீரில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்திருக்க வேண்டும். கச்சா பட்டின் எடையில் கால்வாசி வரை செரிசின் என்ற பசைதான். 1 கிலோ கச்சா பட்டு போட்டால் 750 முதல் 800 கிராம் வரைதான் கைக்கு வரும். அந்தப் பசை போனால்தான் பளபளப்பு. சாயம் ஏற்றும்போதும் சூட்டை மெல்ல மெல்ல 80, 90 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் கழியின் ஒரு பக்கம் சாயத்தை முதலில் குடித்துவிடும், நிறம் திட்டுத்திட்டாக விழும். உடலுக்கும் கரைக்கும் எதிர் எதிர் நிறம் வைத்து நெய்கிற ஊரில் அந்தத் திட்டு மறையாது. நெய்து முடித்த பிறகு தெரிந்தால் நஷ்டம் சேலைக்கே.

55 டிகிரியில் இருக்கிறது சிக்கல்

புகை 55 டிகிரிக்குக் கீழே போனால்தான் இந்த பாய்லருக்குப் பெருமை என்று பார்த்தோம். 85 டிகிரியில் இருக்கும் தொட்டித் தண்ணீரையே சுற்றவிட்டு பாய்லருக்குத் திருப்பி அனுப்பினால் புகை எப்படி 55-க்கு இறங்கும்? இறங்காது. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய மிஷின் சாதாரண கேஸ் பாய்லர் மாதிரிதான் ஓடும்.

ஆனால் பட்டறையில் ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர் நிரப்புகிறார்கள். அது சுமார் 30 டிகிரியில்தான் உள்ளே வருகிறது. இந்த முதல் நிரப்பலுக்கு மட்டும் கண்டென்சிங் ஹீட்டர் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் வெளியேறும் புகை சந்திப்பது குளிர்ந்த தண்ணீரை. தொட்டியைச் சூட்டிலேயே நிறுத்தி வைக்கும் வேலைக்கு அது பயன்படாது. அதற்குத் தனி பர்னரோ, நீராவிக் குழாயோ வேண்டும்.

சரி, எவ்வளவு மிச்சமாகும்? பைப் கேஸில் அதிகபட்சம் சுமார் 11 சதவீதம், எல்.பி.ஜி.யில் சுமார் 8 சதவீதம். அவ்வளவுதான் அந்த ஒளிந்திருக்கும் வெப்பம். விறகுக்கு இதைப் பொருத்துவது இன்னும் சிரமம். புகையில் உள்ள சாம்பலும் தாரும் நீரோடு சேர்ந்து குழாயில் அப்பிக்கொள்ளும்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில்

100 லிட்டர் தண்ணீரை 30-லிருந்து 90 டிகிரிக்குக் கொண்டுவர 6,000 கிலோ கலோரி வேண்டும். கரண்ட் கணக்கில் 7 யூனிட். திறந்த விறகு அடுப்பில் எரிகிற வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குள் போகும். நன்றாகக் கட்டிய அடுப்பில் கொஞ்சம் கூடும். 15 சதவீதம் என்றே வைத்துக்கொண்டால், ஒரு தொட்டிக்கு 11 கிலோ காய்ந்த விறகு. ஈர விறகு என்றால் இன்னும் அதிகம்.

அதே தொட்டியை 85 சதவீதத் திறனுள்ள, கண்டென்சிங் அல்லாத சாதாரண கேஸ் ஹீட்டரில் காய்ச்சினால் முக்கால் கிலோ எல்.பி.ஜி. கூட ஆகாது. 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ 30 தொட்டிகளைச் சூடேற்றும். பெரிய பாத்திரத்துக்கு அடியில் திறந்த பர்னரை வைத்து, பாதி வெப்பம் பக்கவாட்டில் போனால் இது 17 ஆகிவிடும். (வீட்டு உபயோக சிலிண்டரைப் பட்டறையில் பயன்படுத்தக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.)

அதாவது விறகு அடுப்பை விட்டு மூடிய கேஸ் ஹீட்டருக்கு வருவதுதான் பெரிய தாவல். கண்டென்சிங் என்பது அதற்குமேல் கிடைக்கும் கடைசி 8 சதவீதம்.

அதைவிட மலிவான ஒரு கருவி உண்டு: மூடி. 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால் 540 கிலோ கலோரி போச்சு. அந்த வெப்பத்தில் 9 லிட்டர் தண்ணீரை 30-லிருந்து 90 டிகிரிக்குக் காய்ச்சியிருக்கலாம். கோலில் தொங்கும் கழிகளைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டியிருப்பதால் எப்போதும் மூடி வைக்க முடியாதுதான். ஆனால் தண்ணீர் காயும் நேரத்தில் திறந்து வைக்க என்ன காரணம்?

அடுத்தது வெயில். சோலார் ஹீட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவந்து கொடுத்தால், 90 டிகிரி வரைக்கான வெப்பத்தில் சரிபாதி இலவசம். மழை நாட்களுக்கு ஹீட் பம்ப் உண்டு. அது வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரில் ஏற்றுவதால், ஹீட்டிங் காயில் 3 யூனிட் தின்னும் இடத்தில் சுமார் 1 யூனிட்டோடு முடித்துவிடும். கைத்தறி நெசவாளர்களுக்கு அரசு தரும் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் தறிக்கூடத்துக்கானது. சாயப்பட்டறைக்காரர் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது.

கழிவாக வெளியேறும் சுடுதண்ணீரும் இருக்கிறது. சாயத் தொட்டியைக் காலி செய்யும்போது 80 டிகிரித் தண்ணீர் அப்படியே ஓடிவிடுகிறது. அதை ஒரு தொட்டியில் தேக்கி, உள்ளே வளைகுழாய் வைத்து, அந்தக் குழாய் வழியே புதுத் தண்ணீரை விட்டால் இரண்டும் கலக்காமல் வெப்பம் மட்டும் கை மாறும். பசை எடுத்த தண்ணீரில் சோப்பும் செரிசினும் இருப்பதால் குழாயில் படியும், அடிக்கடி கழுவ வேண்டும். சூடு இறங்கியதால் கழிவு சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அதை சுத்திகரிக்காமல் வேகவதி ஆற்றுப் பக்கம் விடக் கூடாது என்பதில் மாற்றமே கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1923-ஆம் ஆண்டு சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாய்லர்கள் சட்டம், 25 லிட்டருக்குக் குறைவான பாய்லர்களையும், தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழே சூடாக்கும் கருவிகளையும் தன் பிடியில் கொண்டுவரவில்லை. அதனால் வெந்நீர் ஹீட்டர் வைப்பவருக்கு இந்தச் சட்டத்தின் பதிவுத் தொல்லை இல்லை. அழுத்தத்தில் இயங்கும் பெரிய நீராவி பாய்லர் என்றால் பதிவு, ஆய்வு, சான்றிதழ் எல்லாம் உண்டு. பழைய இரும்புக்கடையில் வாங்கிய பாய்லரை வெல்டிங் வைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடும் வேலை.

பைப் கேஸ் வருமா என்று கேட்பவர்களுக்கு: 2018-ல் நடந்த 9-வது சுற்று நகர எரிவாயு ஏலப் பட்டியலில், அப்போது செங்கல்பட்டையும் உள்ளடக்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டமும் இருந்தது. தெருவுக்குக் குழாய் வந்த பிறகுதான் அந்த 11 சதவீதக் கணக்கைப் போட்டுப் பார்க்க அர்த்தம் இருக்கும்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது

விற்பவரிடம் 'எத்தனை சதவீதம்' என்று மட்டும் கேட்டால் போதாது. உள்ளே வரும் தண்ணீர் 30 டிகிரியிலும், பிறகு 70 டிகிரியிலும் இருந்தால் திறன் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். போர்வெல் தண்ணீர் கடினத்தன்மை உள்ளதாக இருந்தால் ஹீட்டருக்குள் உப்புப் படியும், அதனால் மென்னீராக்கும் கருவியின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும். கண்டென்சிங் வகையில் சொட்டும் நீர் அமிலத்தன்மை கொண்டது. அதைச் சாதாரண இரும்புக் குழாயில் விட்டால் அரித்துவிடும், பிளாஸ்டிக் குழாயில்தான் வெளியேற்ற வேண்டும்.

சாயக்காரரின் பயம் பெரும்பாலும் பணத்தைப் பற்றியது மட்டுமல்ல, ஷேடு மாறிவிடுமோ என்பதுதான். பல வருடம் விறகைத் தள்ளியும் இழுத்தும் கை பழகிய சூடு அது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய அடுப்பில் ஒரு வாரம் தெர்மாமீட்டர் வைத்து, எத்தனையாவது நிமிடத்தில் எத்தனை டிகிரி என்று ஒவ்வொரு நிறத்துக்கும் குறித்துக்கொள்வது. புது ஹீட்டரில் அதே ஏற்றத்தைக் கொடுத்து முதலில் ஒரே ஒரு கழியைப் போட்டுப் பார்ப்பது. காஞ்சிபுரத்திலேயே மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது, சாயம் பற்றிய சந்தேகங்களை அங்கே கொண்டுபோகலாம். அந்த ஒரு கழி சரியாக வரும் வரை பழைய அடுப்பை இடிக்க வேண்டாம்.