எழுத்தரின் கையில் துப்பாக்கி: 1944இன் இரு முற்றுகைகள்

போர்முனையில் நில்லாத படைப்பணியாளர்கள், அதாவது எழுத்தர், சமையற்காரர், வண்டியோட்டி, மருத்துவ உதவியாளர் போன்றோர், துப்பாக்கி சுடக் கற்றிருக்க வேண்டுமா? இதைப் பயிற்சி விதி பற்றிய சிறு வினாவாகவே பலரும் கருதுவர். பிரித்தானிய இந்தியப் படையிலோ அது மனிதரின் படிநிலை பற்றிய வினாவாகவும் இருந்தது.

அப்படை தன் ஆட்களைப் போரிடுவோர் என்றும் ‘ஃபாலோயர்’ என்றும் பிரித்தது. தண்ணீர் சுமப்போர், சமைப்போர், துப்புரவு செய்வோர் இரண்டாம் வகையினர். ஊதியத்திலும் மதிப்பிலும் அவர்கள் கீழ்ப்படியில் இருந்தனர். அப்பிரிவினைக்குள் சாதியும் ஊடுருவியிருந்தது. துப்பாக்கி கருவி மட்டுமன்று, தகுதியின் அடையாளமுமாகும்.

1942இல் பர்மாவில் நேர்ந்த தோல்வி இவ்வேற்பாட்டைக் கேள்விக்குள்ளாக்கியது. ஜப்பானியர் காட்டு வழியே சுற்றிவந்து பின்புறச் சாலையை அடைத்தனர். முன்னணி, பின்னணி என்ற வேறுபாடு அழிந்தது. 15ஆம் படைத்தொகுதியின் தளபதி வில்லியம் ஸ்லிம், காட்டுப்போரில் போரிடாதவர் என எவருமில்லை. மருத்துவப் பிரிவு உட்பட ஒவ்வொரு பிரிவும் தன் காவலுக்குத் தானே பொறுப்பு என்று வகுத்தார். தம் தலைமையகப் பணியாளர்களையும் நடைப்பயிற்சிக்கும் சுடுபயிற்சிக்கும் உட்படுத்தினார்.

1944 பிப்ரவரியில் அரக்கானில் இவ்விதி சோதனைக்குள்ளானது. 6ஆம் நாள் 7ஆம் இந்திய டிவிஷனின் தலைமையகம் தாக்கப்பட்டது. அங்கிருந்த அலுவலரும் சமிக்ஞைப் பிரிவினரும் போரிட்டபடியே வெளியேறினர். ‘அட்மின் பாக்ஸ்’ எனப்பட்ட சின்ஸ்வேயாவின் வழங்கல் முகாமைக் காலாட்படையும் டாங்கிப் படையும் காத்தன. அவற்றுடன் எழுத்தர்களும் கோவேறு கழுதை ஓட்டிகளும் கிடங்குப் பணியாளர்களும் காவல்வரிசையில் நின்றனர். வானிலிருந்து வந்த உணவும் வெடிபொருளும் முகாமைத் தாங்கின. ஏறத்தாழ மூன்று வாரங்களில் முற்றுகை முறிந்தது.

எனினும் இதை வெற்றிக்கதையாக மட்டும் எழுதிவிட இயலாது. 7ஆம் நாள் இரவு அம்முகாமின் மருத்துவ நிலையம் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. நோயாளிகளும் மருத்துவர்களும் கொல்லப்பட்டனர். மருத்துவப் பணியாளர் தம்மையும் நோயாளிகளையும் காக்க ஆயுதம் ஏந்துவதை 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை அனுமதித்திருந்தது. ஆனால் அனுமதியும் ஆணையும் மட்டும் எவரையும் காப்பதில்லை.

இரண்டு மாதங்களுக்குப் பின் கோஹிமாவில் மறுபக்கம் வெளிப்பட்டது. முற்றுகைக்குள் அகப்பட்ட சுமார் 2,500 பேரில் ஏறத்தாழ 1,000 பேர் போரிடாதோர். அவர்கள் அனைவரையும் வெளியேற்றவும் வழியில்லை. தண்ணீரோ மிகக் குறைவு. போர்ப்பயிற்சி பெற்றிருந்து காயத்திலிருந்து தேறிவந்தோர் பதுங்குகுழிகளில் நின்றனர். பயிற்சியற்றோர் பலர் குண்டுவீச்சுக்கு அஞ்சிக் காத்திருக்க நேர்ந்தது. காவற்படைக்குச் சுமையெனவும் கருதப்பட்டனர். அவர்களைச் சுமையாக்கியது கோழைத்தனமன்று. அதுவரை அவர்களை நம்பி எதையும் கற்பிக்காத அமைப்பே.

இன்றும் கோஹிமாப் போர் வரைபடங்களில் இரு குன்றுகளின் பெயர்கள் எஃப்.எஸ்.டி., டி.ஐ.எஸ். என்றே காணப்படும். அவை படைப்பிரிவுகளின் பெயர்களல்ல. உணவுக் கிடங்கையும் வழங்கல் பிரிவையும் குறிக்கும் சுருக்கங்கள். கடும் போர் நிகழ்ந்த நிலத்திற்குக் கிடங்கே பெயர் தந்திருக்கிறது. அங்குப் பணியாற்றியவர்களின் பெயர்களைத் தேடுவது ஆய்வு மாணவர்களாகிய நம் கடமை.