அம்மாவும் அடையாறும் ஒரு வைரஸும்

மலருக்குக் கட்டுரை கேட்டு நண்பர்கள் நச்சரித்தபோது, விலங்கியல் படித்தவன் எதை எழுதுவது என்று யோசித்தேன். அம்மா நினைவுக்கு வந்தாள்.

1960களில் மயிலாப்பூரில் குடியிருந்தோம். நான் ஏழாவது பிள்ளை, கடைக்குட்டி. அம்மாவுக்குக் கருப்பை வாயில் புற்றுநோய். "ஏழு பெத்த உடம்பு, வேற என்ன ஆகும்!" என்றது தெரு. கேட்கும்போதெல்லாம் நான்தான் குற்றவாளி என்று தோன்றும்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். நோய் முற்றிய பிறகே போனதால் அம்மா பிழைக்கவில்லை.

தெரு சொன்னது சரியா? கல்லூரியில் படிக்கையில் ஒரு சுண்டெலிக் கதை கண்ணில் பட்டது. பாரிஸில் லக்கசாஞ் 1932-ல் ஆண் சுண்டெலிகளுக்குப் பெண் ஹார்மோன் ஊசி போட்டார். அவற்றுக்கும் மார்பகப் புற்று வந்தது. 1936-ல் அமெரிக்காவின் பிட்னர், தாய்ப்பால் வழியே ஏதோ ஒன்று குட்டிகளுக்குப் போய்ப் புற்றை உண்டாக்குகிறது என்று காட்டினார். அது வைரஸ் என்பது பிறகு தெரிந்தது. ஹார்மோன் வந்தால் விழித்துக்கொள்ளும் பகுதி ஒன்று அந்த வைரஸின் மரபணுத் தொடரிலேயே இருக்கிறதாம்!

மனிதருக்கு விடை வரத் தாமதமாயிற்று. கருப்பை வாய்ப் புற்றில் பாப்பிலோமா வைரஸ் இருப்பதை ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன் 1983-ல் கண்டறிந்தார். 2008-ல் நோபல் பரிசு பெற்றார். நம் சென்னையில் நடந்து 2003-ல் வெளியான ஆய்விலும் ஏறத்தாழ எல்லா நோயாளிகளிடமும் இந்த வைரஸ் இருந்தது. அதன் மரபணுக்கள் ஏற்றப்பட்ட சுண்டெலிகளுக்குத் தொடர்ந்து ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது கருப்பை வாயில் புற்று வந்ததை 1996-ல் காட்டினார்கள். வைரஸ் தொற்றிய பெண்களில், ஏழு அல்லது அதற்கு மேல் பிரசவித்தவர்களுக்கு, பிள்ளை பெறாதவர்களைவிட அபாயம் சுமார் 4 மடங்கு என்று 2002-ல் ஒரு பன்னாட்டு ஆய்வு சொன்னது.

ஆக, தெரு சொன்னது பாதிதான் சரி. வைரஸ்தான் நெருப்பு, கர்ப்பகால ஹார்மோன்கள் அதில் எண்ணெய் வார்த்திருக்கலாம். வெறும் பிரசவம் யாரையும் கொல்லவில்லை. ஏழாவது பிள்ளையின் மனசு அன்றுதான் ஆறியது.

திண்டுக்கல் மாவட்டத்தில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையால் இந்நோயின் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் பதிவானது. இப்போது தடுப்பூசியும் இருக்கிறது. நண்பர்களே, வீட்டுப் பெண்களைச் சோதனைக்கு அழைத்துப் போங்கள்; பேத்திகளுக்கு ஊசி போடுங்கள். மாணவத் தம்பி தங்கைகளே, வீட்டில் இதைக் கூச்சப்படாமல் பேசுங்கள். எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.