புவிசார் அளவையியல் பட்டப்பின் படிப்பு, பேராதனை

புவிசார் அளவையியல் என்பது நிலத்தின் இருப்பிடம், உயரம், பரப்பு, அசைவு ஆகியவற்றை அளந்து, வரைபடமாகவும் கணினித் தரவாகவும் ஆக்கும் துறை. ஜியோமெட்டிக்ஸ் என்ற பெயரும் வழக்கில் உண்டு. பழைய நில அளவையோடு செய்மதி நிலைகாணல், தொலையுணர்வு, புவியியல் தகவல் முறைமை, புவிப்புற அளவையியல் ஆகியன சேர்ந்ததே இன்றைய வடிவம். இலங்கையில் இத்துறையைப் பட்டப்பின் நிலையில் கற்கும் இடங்களுள் பேராதனையும் ஒன்று. ஆறும் மலையும் அணையும் தேயிலைச் சரிவும் மண்சரிவும் ஒரு மணிநேரப் பயணத்துக்குள் அமைந்திருப்பதால், இங்கு படிப்பவர்க்கு ஆய்வுக்களம் வாசலிலேயே கிடைக்கிறது.

வரலாற்றுப் பின்புலம்

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2 அன்று தேசாதிபதி பிரெட்றிக் நோர்த் காலத்தில் தொடங்கப்பட்டது. அப்போது கண்டி தனியரசாக இருந்தது. 1815இல் அது பிரித்தானியர் கைக்குப் போன பிறகே மலைநாட்டில் முறையான அளவை வேலை தொடங்கியது. முதற் தேவை பாதை. கொழும்பு – கண்டி வீதி 1820களில் வெட்டப்பட்டது. அதை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. 1833இல் பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் எழுந்தது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது.

அடுத்த தேவை காணி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத காணியை அரசுடைமை எனக் கொள்ள வழி செய்தது. கோப்பித் தோட்டங்களுக்காகக் காடுகள் விற்கப்பட்டபோது, விற்கும் வேகத்துக்கு அளக்க ஆள் போதவில்லை. மலைநாட்டின் காணி வரலாற்றில் அளவுச் சங்கிலிக்கும் பங்கு உண்டு என்பதை இத்துறையில் இறங்கும் மாணவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கற்கைக்குரிய நிறுவகங்கள்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் பேராதனைக்கு இடம்மாறியது. அங்குள்ள குடிசார் பொறியியல் துறை, பொறியியல் அளவையை இளமாணி மாணவர்க்குக் கற்பிக்கிறது. வீதி, அணை, சரிவு, நீரியல் சார்ந்த பட்டப்பின் ஆய்வுகளில் புவிசார் அளவை அடிப்படைக் கருவியாகிறது.

1996இல் நிறுவப்பட்ட விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம், புவியியல் தகவல் முறைமையும் தொலையுணர்வும் என்ற பாடநெறியை விஞ்ஞான முதுமாணி நிலையில் நடத்திவந்துள்ளது. 1975இல் தோன்றிய விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில், நிலப் பயன்பாடு, மண், நீரேந்துப் பிரதேசம் ஆகியவற்றை ஆராய்வோரும் செய்மதிப் படங்களைக் கையாள்கின்றனர்.

நில அளவையைத் தனிப் பட்டமாகக் கற்க விரும்புவோர் போகும் இடம் வேறு. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் புவிசார் அளவையியல் பீடம் பெலிஹுல்ஓயாவில் இருக்கிறது. தியத்தலாவையிலுள்ள நில அளவை, படமாக்கல் நிறுவகம் திணைக்கள அளவையாளரைப் பயிற்றுவிக்கிறது. அவ்விடங்களில் அடிப்படை பெற்றவருக்கும், பொறியியல், புவிச்சரிதவியல், புவியியல் பட்டதாரிகளுக்கும் பேராதனை அடுத்த படியாக அமைகிறது.

தகைமை நிலைகள்

இலங்கைத் தகைமைச் சட்டகம் 12 நிலைகளைக் கொண்டது. பட்டப்பின் சான்றிதழ் 7ஆம் நிலை, பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் நிலை. பாடங்களை மட்டும் முடித்துப் பெறும் முதுமாணி 9ஆம் நிலையில் 30 திறனளவுகளைக் கொண்டது. பாடத்தோடு ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் நிலையில் 60 திறனளவுகளைக் கொண்டது. முதுதத்துவமாணி 11ஆம் நிலை, கலாநிதி 12ஆம் நிலை. பின்னாளில் கலாநிதிப் பட்டம் வரை போக நினைப்பவர், ஆய்வுப் பகுதி உள்ள முதுமாணியையே தெரிவு செய்வது நல்லது. பயிற்று மொழி ஆங்கிலம்.

பாடப்பரப்பு

ஆள்கூற்று முறைமை: இலங்கையின் தேசிய ஆள்கூற்று வலையின் தொடக்கப் புள்ளி நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை. நீர்கொழும்பு அடிக்கோட்டின் முனையான கந்தவளையின் பெயரைக் கொண்ட பழைய முறைமையில் அப்புள்ளிக்கு 200,000 மீட்டர் கிழக்கு, 200,000 மீட்டர் வடக்கு என எண் கொடுக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டின் புதிய முறைமையில் இவ்விரண்டும் 500,000 ஆயின. பழைய படத்தையும் புதிய தரவையும் மாற்றக் கணக்கின்றி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கோடுகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகி நிற்கும். அப்பிழை உடனே கண்ணில் படும். 300,000ஐ வெறுமனே கூட்டிவிட்டுத் திருத்தியாயிற்று என்று இருப்பதால் வரும் சில மீட்டர் பிழைதான் கண்ணுக்குத் தப்பி, எல்லைத் தகராறாக வளர்கிறது. ஒரு முறைமையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கணக்கை அடிப்படையிலிருந்து செய்து பார்ப்பது பட்டப்பின் படிப்பின் முதற் பயிற்சிகளில் ஒன்று.

உயரம்: செய்மதிக் கருவி தரும் உயரம் ஒரு கணித நீள்கோளத்தின் மேல் அளக்கப்படுவது. வீதியும் கால்வாயும் அமைக்க வேண்டியது கடல்மட்ட உயரம். உலகின் ஈர்ப்புப் புலத்தில் மிக ஆழமான தாழ்வு இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் உள்ளதால், இவ்விரு உயரங்களுக்கும் இடையிலான வேறுபாடு இங்கு 100 மீட்டரை நெருங்குகிறது. பேராதனைத் தாவரவியற் பூங்கா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீட்டர் உயரத்தில் உள்ளது. திருத்தம் செய்யாத கருவி அதே இடத்தை ஏறத்தாழ 360 மீட்டர் என்று காட்டும். மலையும் பள்ளமும் நெருங்கிய நாட்டில் இந்த வேறுபாடு இடத்துக்கு இடம் மாறுவதால், அதைக் கணக்கிட்டுத் தரும் நுட்பமான ஜியோயிட் மாதிரி ஒன்றை உருவாக்குவது தரமான ஆய்வுப்பொருள்.

தொலையுணர்வு: பருவமழைக் காலத்தில் மலைநாடு முகிலால் மூடிக் கிடக்கும். சாதாரண ஒளிப்படச் செய்மதிக்கு அப்போது நிலம் தெரியாது. ராடர் செய்மதி முகிலை ஊடுருவும். 2014இல் ஏவப்பட்ட சென்டினல்–1இன் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 5.6 சென்டிமீட்டர் என்பதால் அடர்ந்த காட்டிலும் தோட்டத்திலும் இலைகளின் அசைவு அளவைக் குழப்புகிறது. 20 சென்டிமீட்டரைத் தாண்டிய அலைநீளமுள்ள ராடர் அத்தகைய இடங்களில் மேலானது.

ஆய்வுக்களமாகக் கண்டி

1976இல் முடிந்த பொல்கொல்லை அணைக்கட்டு, மகாவலி நீரை ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியே உக்குவளைக்குத் திருப்பிவிடுகிறது. இரு முனைகளிலிருந்து தோண்டி வரும் சுரங்கம் நடுவில் சரியாகச் சந்திப்பது முழுக்க அளவையாளரின் கையில் இருக்கும் காரியம். 122 மீட்டர் உயரமான விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. இரட்டை வளைவு கொண்ட இவ்வகை அணை, நீர்மட்டம் ஏறி இறங்கும்போது சிறிது வளைந்து மீளும். அந்த அசைவை மில்லிமீட்டர்க் கணக்கில் தொடர்ந்து கவனிக்க வேண்டும். 2020இல் அணையை அண்டிய திகனைப் பகுதியில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டபோது, இத்தகைய கண்காணிப்பின் அவசியம் பொதுமக்களுக்கும் தெரிந்தது.

மண்சரிவு இவை எல்லாவற்றிலும் அவசரமானது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயப் படங்களைத் தயாரித்து வருகிறது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்பு ஒன்று மண்ணுக்குள் புதைந்தது. 2016 மே மாதம் அரநாயக்கையிலும், 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின்போது கண்டி உள்ளிட்ட மலைநாட்டு மாவட்டங்களிலும் பேரழிவு நேர்ந்தது. அபாயப் படம் வரைவது ஒரு வேலை. அதை மழையளவு, சரிவின் கோணம், மண்ணின் ஆழம், நிலத்தின் மெல்லிய அசைவு ஆகியவற்றோடு இணைத்து, மக்கள் இடம்பெயரப் போதிய நேரம் இருக்கும்போதே எச்சரிப்பது அதிலும் பெரிய வேலை. பேராதனையின் பட்டப்பின் மாணவர் கையிலெடுக்கத்தக்க ஆய்வுகளுள் இதற்கு மேலானது இல்லை.

மலையகக் காணியும் அளவையும்

லயன் அறைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் 2015க்குப் பின் நடைமுறைக்கு வந்தது. ஒரு பேர்ச் 25.29 சதுரமீட்டர், ஓர் ஏக்கர் 160 பேர்ச். 7 பேர்ச் என்றால் ஏறத்தாழ 177 சதுரமீட்டர். இது கிடைத்தளத்தில் கணக்கிடும் பரப்பு. நிலம் 30 பாகை சரிந்திருந்தால், அதே 177 சதுரமீட்டருக்கு நிலத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ 204 சதுரமீட்டர் வரும். ஆனால் வீடு கட்ட மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, தாங்குசுவருக்கும் வடிகாலுக்கும் இடம் விட்டபின் எஞ்சுவது 177க்கும் குறைவு. எனவே தோட்டக் காணியில் பேர்ச் கணக்கு மட்டும் போதாது. சரிவும் மண்சரிவு அபாயமும் வடிகாலும் ஒரே படத்தில் பதிவாக வேண்டும். உறுதி கையில் வரும்போது காணி உண்மையில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் ஐயம் இருக்கக் கூடாது. மலையகப் பிள்ளைகள் இத்துறைக்குள் வரவேண்டியதன் காரணமும் இதுவே.

பிற இடங்களில்

கிண்டி பொறியியற் கல்லூரியின் வேர் 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி. பரங்கிமலை அருகே 1802இல் அளவையாளர் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்தே இந்தியாவின் பெரும் முக்கோண அளவை புறப்பட்டது. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனத்திலும், டெஹ்ராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனத்திலும், பாங்கொக் அருகேயுள்ள ஆசியத் தொழில்நுட்ப நிறுவகத்திலும், நெதர்லாந்தின் என்ஸ்கெடேயிலும் இத்துறையில் பட்டப்பின் படிப்புகள் உண்டு.

தொழிலுரிமை

2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்படி, காணி எல்லையை அளந்து சட்டப்படி செல்லும் வரைபடத்தில் கையொப்பமிட, பதிவும் நடப்பு அனுமதிப்பத்திரமும் பெற்ற அளவையாளராக இருக்க வேண்டும். புவியியல் தகவல் முறைமையிலோ தொலையுணர்விலோ பெற்ற முதுமாணிப் பட்டம் மட்டும் அந்த உரிமையைத் தராது. அது திட்டமிடல், அனர்த்த முகாமைத்துவம், நீர்ப்பாசனம், சுற்றாடல், ஆய்வு ஆகிய துறைகளில் வேலைக்கு வழிவிடும். விண்ணப்பிக்கும் முன் மாணவர் தமக்கு வேண்டியது அளவையாளர் உரிமமா, ஆய்வுத் தகைமையா என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.