துறைமுக ஓவியம் (குறியீட்டுப் பொருள்)

கலம், கரை, காவல், சரக்கு, காத்திருக்கும் மாந்தர் ஆகியவற்றை வரைந்து பிரிவு, வாணிகம், அதிகாரம், நம்பிக்கை முதலியவற்றைக் குறிப்பால் உணர்த்தும் ஓவியவகை.

இக்குறியீடுகளைப் படிப்பதற்கு மிகத் தெளிவான இலக்கணம் தமிழிலேயே உண்டு. தொல்காப்பியம் நிலத்தை முதல், கரு, உரி என்ற மூன்றின்வழிக் காண்கிறது. கடற்கரை நிலமாகிய நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது பகலின் கடைசிக் கூறு. தெய்வம் வருணன், உரிப்பொருள் இரங்கல். உரையாசிரியர்கள் புன்னை, ஞாழல், கடற்காகம், சுறா, உவர்க்கழி முதலிய கருப்பொருள்களை நிரல்படுத்தினர். சாயும் வெயிலும் கழியோரத்துப் புன்னையும் தென்பட்டாலே பிரிவுத்துயர் விளங்கிவிடும்; தலைவியின் முகத்தை வரைய வேண்டியதில்லை. இந்த அருமையான முறையைப் பிறமொழி இலக்கியங்களோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதியவர், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் (1913–1980). நிலத்தோற்றமும் கவிதையும் பற்றிய அவரது நூல் 1966இல் வெளிவந்தது. துறைமுகப் படத்தின் முன் நிற்பவருக்கும் அது நல்ல வழிகாட்டி.

ஐரோப்பிய ஓவியத்தில் இதே தாழ்ந்த சூரியன் வேறு பொருள் தரும். குளோட் லொரேன் 1648இல் வரைந்த சேபா அரசி கலமேறும் காட்சியில் அது காலைக் கதிரவன். ஒளி நீரின்மேல் பாதைபோல் நீண்டு பயணத்தின் தொடக்கத்தைச் சொல்கிறது. 1660களில் காப்ரியேல் மெட்சு வரைந்த ஓவியத்தில் ஒருத்தி கடிதம் படிக்கிறாள். பணிப்பெண் சுவர்ப்படத்தின் பச்சைத் திரையை விலக்க, உள்ளே கொந்தளிக்கும் கடலிற் கப்பல்கள். அது வெறும் சுவரலங்காரமன்று. கடிதம் எழுதியவனின் காதல் படும் பாடு. நங்கூரம் கிறித்தவ மரபில் நம்பிக்கையின் சின்னம். உடைந்த கலம் மனித வாழ்வின் நிலையாமை.

உடைந்த கலத்துக்கு யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் இன்னொரு பொருளும் உண்டு. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, பரதேசிகள் (அயல்நாட்டார்) ஊராத்துறைக்கே, அதாவது ஊர்காவற்றுறைக்கே, வரவேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறது. யானை, குதிரை கொண்டுவந்த கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு (அரச கருவூலத்துக்கு), மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்கேற்றிய கலமானால் பாதி பாதி. இத்துறையின் பழங்காட்சியை வரைபவர் கரையிற் கிடக்கும் முறிந்த பாய்மரத்தோடு பண்டாரக் கணக்கனையும் சேர்த்தே வரையவேண்டும்.

1658இல் ஒல்லாந்தர் போத்துக்கேயரிடமிருந்து ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையைக் கைப்பற்றினர். யாழ்ப்பாணத்தில் ஊழியஞ்செய்த பால்தேயஸ் பாதிரியாரின் நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகியபோது, அக்கோட்டை அம்மன்னீல் என்ற பெயருடன் செப்புத்தட்டுப் படமாக அதில் இடம்பெற்றது. பொருளாக எடுத்துக்கொள்ளப்பட்டது கோட்டை. வத்தையிற் சரக்கேற்றிய தீவு மக்கள் அல்லர். கரம்பொன் அமைந்த தீவுக்கு லெய்டன், காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம் எனத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டியதும் அதே பார்வைதான். இத்தகைய படங்களைத் துறையின் உருவப்படமாக அன்றி உடைமைப் பத்திரமாகப் படிப்பதே பொருந்தும்.

கோட்டை பிற்காலத்திற் சிறையாகவும் இருந்தது. தற்போது கடற்படையின் பொறுப்பில் விடுதியாக இயங்குகிறது.