சுங்கச் சாவடியும் குதிரைப் பந்தயமும்

இக்காலக் கவிதையில் கைப்பேசியும் பேருந்தும் வரக் கண்டு முகஞ்சுளிக்கும் தமிழாசிரியர் உளர். அன்றாடப் பொருள் பாட்டுக்கு ஆகாது என்பது அவர் கொள்கை. அஃது எத்துணைப் பழைமையானது என்று பார்த்தால், பழைமையே அதற்கு எதிராக நிற்கிறது.

பட்டினப்பாலையை எடுத்துக் கொள்வோம். கடல்வழி வந்த குதிரையும் வண்டியில் வந்த மிளகும் அங்கே பாடுபொருள்கள். சுங்கத்தார் மூட்டைகளுக்குப் புலிப்பொறி இடுவதுகூடப் பாடப்படுகிறது. அத்துறைமுகத்தில் இறங்கிய பண்டங்களுள் காழகத்தினின்று வந்தவையும் உண்டு. காழகம் என்பது கடாரம் என உரைப்பார் நச்சினார்க்கினியர். பினாங்கிற்கு எதிர்க்கரையிலுள்ள கெடாவே அது என்பர்.

பினாங்கில் பிற்காலத்திலும் புலமைக்குக் குறைவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) இங்குத் தங்கி 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தினார். 1869இல் சூயசுக் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்களும் பெருகின. ஆயினும் அந்தாதியும் பதிகமும் பாடிய புலவர் பெரும்பாலும் தெய்வத்தையும் வள்ளலையுமே நாடினர்.

தெருவைப் பாட ஒரு லாவணிக்காரர் வர வேண்டியிருந்தது. பினாங்கோடு 1826 முதல் ஓராட்சியின் கீழிருந்த சிங்கப்பூரில், 1893ஆம் ஆண்டு, ரங்கசாமி தாசன் 'அதிவினோதக் குதிரைப் பந்தய லாவணி'யை வெளியிட்டார். பந்தயம் காணச் செல்லும் வழியும் அங்குக் கூடும் கூட்டமுமே பொருள். பண்டிதர் இதனை இலக்கியமென்று ஏற்றிருக்க மாட்டார். (இன்றும் சிலர் ஏலார்!) ஆனால் வழியிற் கண்டதை முறையாகச் சொல்லிச் செல்வது ஆற்றுப்படையின் நெறியன்றோ? வழிநடைச் சிந்தில் தலைவன் தலைவிக்கு ஊரைச் சுட்டிக் காட்டுவதும் அதன் வழிவந்ததே. பொருள் புதிது, பாதை பழையது.

தோட்டப்புறத்தில் பாடியவர்க்கு அச்சும் இல்லை, பட்டமும் இல்லை. கங்காணியும் பெரட்டும் கித்தாமரமும் கப்பலேறிய பிரிவும் அவர்தம் வாய்ப்பாட்டில் தாமே புகுந்தன.

மலேசியாவில் புதுக்கவிதை பின்னரே வந்தது. தமிழகத்தில் ந. பிச்சமூர்த்தி 1934இல் தொடங்கிய முயற்சி இங்கு எட்ட முப்பதாண்டு சென்றது. 1964இல் சி. கமலநாதன் எழுதிய 'கள்ளப்பார்ட்' இந்நாட்டின் முதற் புதுக்கவிதையாக எண்ணப்படுகிறது. யாப்பை விட்டதே அதன் புதுமை. தெருவும் சந்தையும் அதற்கு எழுபதாண்டு முன்பே லாவணியில் ஏறிவிட்டன.