விக்டர் பேர்கரும் வெற்றாசனமும்

மக்களாட்சியில் ஒருவரைப் பிரதிநிதியாக்குவோர் அவரைத் தெரிவுசெய்த வாக்காளரா, அன்றி அவர் சென்று அமரவேண்டிய சபையினரா? இவ்வினாவை ஐக்கிய அமெரிக்காவிற் கூர்மையாக எழுப்பியது விக்டர் பேர்கரின் அரசியல் வாழ்வாகும்.

1860இல் ஒஸ்ரியப் பேரரசிற் பிறந்த பேர்கர், 1878இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, ஜேர்மன் குடியேறிகள் பெருந்தொகையினராக வாழ்ந்த மில்வோக்கி நகரிற் குடியேறினார். ஆசிரியராகவும் பின்னர் பத்திரிகையாசிரியராகவும் விளங்கிய அவர், 1901இல் அமெரிக்க சோஷலிசக் கட்சியை நிறுவியோருள் ஒருவரானார். திடீர்ப் புரட்சியிலன்றிப் படிப்படியான சீர்திருத்தத்திலேயே அவர் நம்பிக்கை வைத்தார். 1910இல் தெரிவாகிக் காங்கிரசிற் புகுந்த முதற் சோஷலிசவாதி அவரே. 1911இல் அவர் கொணர்ந்த முதியோர் ஓய்வூதியச் சட்டமூலம் நிறைவேறவில்லை. எனினும் 1935இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் அக்கருத்துக்கு உருவளித்தது. ஆயினும், 1902இற் கறுப்பின மக்களைத் தாழ்ந்த இனத்தவராகக் குறித்து அவர் எழுதியமை அவரது சமத்துவக் கொள்கையின் குறைபாட்டைக் காட்டுகின்றது.

1917இல் அமெரிக்கா உலகப் போரிற் குதித்தது. அதனை எதிர்த்தெழுதிய பேர்கர்மீது உளவுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. வழக்கு நிலுவையிலிருந்தபோதே, 1918 நவம்பரில், மக்கள் அவரை மீண்டும் தெரிவுசெய்தனர். 1919 பெப்ரவரியில் இருபதாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடு செய்து பிணையில் வெளிவந்தார். பிரதிநிதிகள் சபையோ, உள்நாட்டுப் போரின்பின் கிளர்ச்சியாளரைக் கருதி ஆக்கப்பட்ட பதினான்காம் திருத்தத்தின் வாசகத்தைக் காட்டி, 1919 நவம்பரில் அவருக்கு ஆசனம் மறுத்தது. அவர் சார்பில் வாக்களித்தவர் ஒருவரே. டிசம்பர் இடைத்தேர்தலில் வாக்காளர் அவரையே மறுபடியும் அனுப்பினர். 1920 ஜனவரியிற் சபை மீண்டும் மறுத்தது. தொகுதியின் ஆசனம் வெறுமையாகவே கிடந்தது.

1921இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. ஆனால், பேச்சுரிமையை அது தீர்ப்புக்கு அடிப்படையாகக் கொள்ளவில்லை. பக்கச்சார்புடையவரெனக் குற்றஞ்சாட்டப்பட்ட நீதிபதி வழக்கை விசாரித்தமை தவறென்பதே அதன் முடிபு. 1922இல் அரசு ஏனைய குற்றச்சாட்டுகளையும் கைவிட்டது. அவ்வாண்டே மீண்டும் வென்ற பேர்கர், 1923 முதல் 1929 வரை காங்கிரசில் வீற்றிருந்தார். 1929 ஆகஸ்டில், தெருவிற் டிராம் வண்டி மோதியதனால் ஏற்பட்ட காயங்களால் இறந்தார்.

1919இல் விலக்கப்பட்டவரும் 1923இல் ஏற்கப்பட்டவரும் ஒருவரே. போர்க்காலத்து அச்சமே இடையில் தணிந்திருந்தது. உரிமைகள் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அச்சம் ஓங்கும் காலத்திலும் அவை நிலைக்கின்றனவா என்பதே உண்மையான சோதனை. அச்சோதனையில் சபை தவறியது. மில்வோக்கியின் வாக்காளர் தவறவில்லை.